மத்தியானத்துக்கு முன் நின்ற வண்டி

ராயபுரம்,
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ரஹீமுன்னிசாவுக்கு வேம்பு எழுதிக்கொள்வது.

இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. ஆம்பூரில் நீயும் உன் வீட்டுக்காரரும் மாமியாரும் சுகமாக இருக்க வேண்டும். பிரசவத்துக்கு நீ எப்போது இங்கே வருகிறாய் என்று அம்மா தினமும் கேட்கிறாள். கால் வீங்கியிருந்தால் உப்பைக் குறைத்துச் சாப்பிடச் சொன்னாள்.

உன் கார்டைத் தபால்காரர் வாசலில் நின்று உரக்கப் படித்துவிட்டார். ‘எங்க அத்தாவுக்கும் உங்க நைனாவுக்கும் இன்னாடி சண்டை, ஒளிக்காம எழுது’ என்று நீ கேட்டிருந்ததைத் தெருவில் பாதிப்பேர் கேட்டார்கள். நான் கூசிப்போய் உள்ளே ஓடிவிட்டேன். அதனால்தான் இதைக் கவரில் போட்டு ஒட்டி அனுப்புகிறேன். உன்னிடம் எழுதுவதுபோல எனக்கு யாரிடமும் பேச வராது. எழுதினாலாவது எனக்குப் புரியுமா என்று பார்க்கிறேன்.

சண்டை பாட்டரி வண்டியால் வந்தது. கிடங்கில் இருந்த இரண்டு டிரைவர்களில் ஒருவரை நிறுத்துவது என்று ஆபீசில் முடிவு செய்தார்கள். ஒன்று உன் அத்தா, இல்லையென்றால் எங்கள் நைனா. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படி.

நீ கல்யாணமாகிப் போனபோது வேலை எப்படி நடந்தது என்று உனக்குத் தெரியும். ராத்திரி முழுக்கக் கொட்டகையில் இரண்டு வண்டிக்கும் கரண்டு ஏற்றுவார்கள். காலையில் நைனா தன் வண்டியில் துறைமுகத்துச் சரக்கைக் கிடங்குக்கு ஏற்றி வருவார். மத்தியானத்துக்கு மேல் உன் அத்தா தன் வண்டியை எடுப்பார். ஓட்டாத நேரத்தில் இரண்டு பேருக்கும் மூட்டை அடுக்கும் வேலை. நான் கொண்டுபோகும் சோற்றையும் உன் அத்தாவின் தூக்குச் சோற்றையும் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவார்கள். எங்கள் வீட்டு மீன் குழம்பில் பாதி உன் அத்தாவுக்குத்தான் போகும்.

உன் அத்தா முன்பு ஜட்கா ஓட்டியவர் இல்லையா, குதிரையை விரட்டுவதுபோலவே பாட்டரி வண்டியின் கைப்பிடியைச் சுண்டிச் சுண்டி இழுப்பார். வண்டி குதித்துக் கிளம்பும், உடனே பிரேக், மறுபடியும் குதிக்கும். சாயங்காலச் சங்கு ஊதுவதற்கு முன்பே கரண்டு தீர்ந்துபோகும். கூலிக்காரர்கள் தள்ளிக்கொண்டே வந்து, “பாய், குதுரைக்குப் புல்லு போட்டியா?” என்று கேட்பார்கள். உன் அத்தாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

நைனா ஓட்டுவது வேறு மாதிரி. கைப்பிடியை ஒவ்வொரு படியாகத் தள்ளுவார். கிடங்கு வாசல் தூரத்தில் தெரியும்போதே கரண்டை நிறுத்திவிடுவார். வண்டி தானாக உருண்டு வந்து வாசலில் நிற்கும், பிரேக்கே வேண்டாம். ரயில் தண்டவாளத்தின் மேல் ஏறி இறங்காமல் சுற்றிக்கொண்டு சமதரையில் வருவார். வெறும் வண்டியாக ஒரு நடைகூடத் திரும்ப மாட்டார். “குழாய்லேர்ந்து ரொம்பின கொடத்தை எடுத்துகினு வர்ற பொண்ணு எப்பிடி நடக்குது, அப்பிடி ஓட்டு பாய்” என்று உன் அத்தாவிடம் சொல்லுவார். “நான் இன்னா பொண்ணா?” என்பார் உன் அத்தா.

கார்த்திகை மழை விட்ட சமயத்தில் ஜார்ஜ் என்று புது சூப்பர்வைசர் வந்தார். மத்தியானம் நைனா நிறுத்திய வண்டியில் பாதிக் கரண்டு மிச்சம் இருப்பதைப் பார்த்துவிட்டு, “வரதன் மேன், நீ ஒருத்தனே நாள் பூரா ஓட்டலாமே! அப்புறம் இன்னொரு வண்டி எதுக்கு, இன்னொரு ஆள் எதுக்கு?” என்று முதுகில் தட்டினாராம். அன்று நைனா சோற்றை அப்படியே திருப்பி அனுப்பினார். நான் குழம்பில்தான் உப்பு அதிகமோ என்று நினைத்தேன்.

மறுநாளிலிருந்து நைனாவின் வண்டி மத்தியானத்துக்கு முன்பே நின்றது. ஒரு நாள் இல்லை, தினமும். நானே பார்த்தேன், ரஹீமு. நைனா கைப்பிடியைச் சுண்டி இழுக்கிறார், பிரேக்கை மிதிக்கிறார், தண்டவாளத்தின் மேலேயே தடதடவென்று போகிறார். உன் அத்தாதான் நைனாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறாரோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். கூலிக்காரர்கள், “இன்னா வரதா, வண்டி தூங்குதே, தாலாட்டு பாடுறியா?” என்று சிரித்தார்கள். நைனா சிரிக்கவில்லை.

இதனால் உன் அத்தா சீக்கிரமே வண்டி எடுக்க வேண்டியதாயிற்று. சீக்கிரம் எடுத்தால் சீக்கிரம் தீர்ந்துபோகும் அல்லவா? சரக்கு பாதி வழியில் கிடந்தது. ஜார்ஜ் எல்லார் முன்னாலும் உன் அத்தாவைத்தான் திட்டினார். அன்று நான் சோற்றோடு நின்றுகொண்டிருந்தேன். உன் அத்தா நைனாவிடம் வந்து, “நல்லா ஓட்டத் தெரிஞ்சவன் வேணும்னே கெடுக்கிறே. என் பொயப்புல மண்ணைப் போடணுமா ஒனக்கு? இத்தினி நாள் தோஸ்துன்னு சொன்னியே, அது இதானா?” என்று கேட்டார். நைனா என் கையிலிருந்த சோற்றை வாங்கிப் பிரித்தார். உன் அத்தா தன் தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். அன்றோடு பேச்சு நின்றது.

வீட்டில் அம்மா விடவில்லை. “ஊரே சிரிக்குது, ஒனக்கு இன்னாய்யா ஆச்சு?” என்று நச்சரித்தாள். அப்போதுதான் நைனா சொன்னார்: “மிச்சம் வெச்சா பாயைத் தூக்கிடுவான். அவன் பொண்ணு பிரசவத்துக்கு வரப்போவுது. இந்த நேரத்துல அவன் பொயப்பு போனா இன்னா பண்ணுவான்?” அதை அவரிடமே சொல்லக் கூடாதா என்று அம்மா கேட்டாள். சொன்னால் உன் அத்தா ரோஷத்தில் தானே வேலையை விட்டுவிடுவார் என்றார் நைனா. பிறகு என்னைக் கூப்பிட்டு, பாயிடம் வாய் திறக்கக் கூடாது என்று என் தலைமேல் கை வைத்துச் சத்தியம் வாங்கினார். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சொல்லவில்லை. அவருக்குத் தோன்றவில்லையோ, அல்லது நீ மட்டும் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டாரோ, தெரியவில்லை.

இதுவரை எனக்கு ஓரளவு புரிந்தது. இதற்குமேல்தான் ஒன்றும் புரியவில்லை.

நைனா இவ்வளவு செய்தும் பொங்கலுக்கு முன்னால் ஆபீசிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. ஒரு வண்டி போதும், ஒருவர் போதும். ஒரு நாள் நைனா தன் வண்டியைத் தனியாக நாள் முழுக்க ஓட்டட்டும், மறுநாள் உன் அத்தா ஓட்டட்டும், யாருடைய வண்டி சாயங்காலச் சங்குவரை ஓடுகிறதோ அவருக்கு வேலை என்றார் ஜார்ஜ்.

முதல் நாள் நைனா. காலையில் தோய்த்து வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். நான் சோறு கொண்டுபோனபோது கேட்டிலேயே நின்றுவிட்டேன். நைனா பழையபடி ஓட்டினார்! ஒவ்வொரு படியாக, சுற்றுவழியாக, ஆடாமல் அசையாமல். வாசலுக்கு எவ்வளவோ தூரத்திலேயே கரண்டை நிறுத்தி, உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். அவர் முகத்தைப் பார்த்தேன். வேண்டுமென்றே நிறுத்தப் போகிறவருடைய முகம் அது இல்லை. அப்படியென்றால் உன் அத்தாவின் வேலை போகட்டும் என்று நினைத்தாரா? அல்லது ஒரே ஒரு நாளாவது எல்லார் முன்னாலும் தன் கைவேலையைக் காட்ட வேண்டும் என்று நினைத்தாரா? அவரை நான் கேட்கவில்லை, கேட்க எனக்கு வாயும் இல்லை.

இதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். அந்த நேரத்தில் நானும், வண்டி நிற்கக் கூடாது, நிற்கக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன். உன்னை நினைக்கவே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் உன் நினைவு வந்தது.

ஆனால் வண்டி நின்றுவிட்டது. சங்கு ஊத இன்னும் நேரம் இருந்தது. அவ்வளவு மெதுவாக ஓட்டியும் நின்றுவிட்டது. தினமும் அடிமட்டம்வரை கரண்டைத் தீர்த்துத் தீர்த்து ஓட்டியதில் பாட்டரியே கெட்டுப்போயிருக்கிறது, எவ்வளவு ஏற்றினாலும் கரண்டு முன்போலத் தங்காது என்று கொட்டகைக்காரர் சொன்னாராம். உன் அத்தாவின் வண்டிக்கு முன்பே இப்படிக் கெட்டு, மழைக்குச் சற்று முன்புதான் புது பாட்டரி போட்டிருந்தார்களாம். நைனா இறங்கி, கூலிக்காரர்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தானே தள்ளினார். ஒற்றை ஆளால் தள்ள முடியுமா? கடைசியில் அவர்கள்தான் வந்து கை கொடுத்தார்கள். அன்று யாரும் கேலி செய்யவில்லை.

மறுநாள் உன் அத்தா. அவர் ஓட்டியதை நான் பார்க்கவில்லை, நைனா பார்த்துவிட்டு வந்து சொன்னார். கைப்பிடியைச் சுண்டவே இல்லையாம். வாசலுக்கு முன்னாலேயே கரண்டை விட்டு, உருட்டிக்கொண்டு வந்தாராம். சங்கு ஊதிய பிறகும் வண்டியில் கரண்டு இருந்ததாம். “நம்ம மேல இருந்த கோவத்துல கத்துக்கினான் பாரு! நான் இத்தினி வருசம் சொல்லியும் ஏறலை” என்று நைனா சொல்லும்போது சந்தோஷப்பட்டது போலத்தான் இருந்தது. அம்மா அடுப்பங்கரையிலிருந்து எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். நைனா சந்தோஷப்பட்டாரா, அம்மா அழுதாளா, இரண்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

இப்போது நைனா விடிந்ததும் திருவொற்றியூர்ப் பக்கம் நடந்து போகிறார். அங்கே இருக்கும் கம்பெனிகளில் கேட்டுப் பார்க்கிறார். நேற்று எர்ணாவூர்வரை போய் வந்தாராம். பாட்டரி வண்டி வேறு எங்கும் இல்லை, எந்த வேலையானாலும் சரி என்கிறார். எங்களைப் பற்றி நீ கவலைப்படாதே. நானும் அம்மாவோடு இறால் உரிக்கும் இடத்துக்குப் போகலாம் என்றிருக்கிறேன்.

உன் அத்தாவை நேற்றுக் குழாயடியில் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். நைனா கெடுக்க நினைத்து, தானே கெட்டுப்போனார் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாரோ என்னவோ. அல்லது பாவம் வரதன் என்று நினைக்கிறாரோ. சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. சத்தியம் இருக்கிறதே! சொன்னால் உன் அத்தா வேலையை விட்டுவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று கேட்பாய். அத்தாவுக்குக் காரணத்தை எழுதாதே. எழுதினால் நைனா செய்ததெல்லாம் வீணாகிவிடும். எழுதாமல் விட்டால் அவர்கள் இருவரும் இப்படியே இருந்துவிடுவார்களே என்றும் இருக்கிறது. எது சரி என்று உனக்குத் தெரிந்தால் எனக்கும் சொல். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து திரும்பும்போது எங்கள் வீட்டில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்படி மட்டும் அத்தாவுக்கு எழுது. ஏன் என்று கேட்டால், வேம்புவின் அம்மாவிடம் பிரசவ மருந்து வாங்கி வரச் சொன்னேன் என்று ஏதாவது சொல்லிவிடு. நைனா அந்த நேரத்தில் வீட்டில் இருக்கும்படி நான் பார்த்துக்கொள்கிறேன்.

உனக்குத் தொட்டில் துணிக்காக அம்மா தன் பழைய புடவைகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். சண்டை என்று அவற்றை எடுத்து உள்ளே வைக்கவில்லை. நீ நல்லபடியாக வந்து சேர்ந்து, தாயும் பிள்ளையுமாகப் பிழைத்து எழ வேண்டும். என்ன பிள்ளை பிறந்தது என்ற சேதியை வேறு யார் வந்தும் எங்களுக்குச் சொல்ல வேண்டாம், ரஹீமு. உன் அத்தாவே வந்து எங்கள் நைனாவிடம் சொல்லும்படி செய்.

என்றும் உன்
வேம்பு