பிரேமிளாவின் புது பாஸ்வேர்ட்

அன்புள்ள அம்மாவுக்கு,

கால்வீக்கம் வத்திட்டுதா? மருந்தை விடாதேங்கோ. கண்டியில் என்ர அறைப் பக்கம் மண் சரிஞ்சு விழேல்லை, பயப்படாதேங்கோ.

மழையோட எங்கட கந்தோர் கம்ப்யூட்டரில இருக்கிற விக்கித் தளமும் விழுந்திட்டுது. வேலைக்குறிப்பெல்லாம் அதிலதான். திருப்பி எழுப்பினால் ஒருத்தற்ற பாஸ்வேர்டும் வேலை செய்யேல்லை. டேட்டாபேஸ் என்ர பொறுப்பு. எல்லாருக்கும் புதுசு போட்டு, போனில் சொன்னன். உரியவரின் குரலைக் கேட்காமல் சொல்லக்கூடாது, அதுதான் எங்கட சட்டம்.

கந்தோரில் பக்கத்துக் கதிரையில் இருக்கிற, கலஹாத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை பிரேமிளாவின் போன் வேலை செய்யேல்லை. தாயின்ர நம்பருக்கு எடுத்தன்.

"மண்ணு சரிஞ்சப்போ மகள் லயத்துக்குள்ள இருந்திச்சு தம்பி. இன்னும் தோண்டிக்கிட்டுதான் இருக்காங்க. நீங்க சொல்லுங்க, எழுதி வச்சுக்கிறேன். வந்ததும் கேக்கும்."

சொன்னன் அம்மா, ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்தாய். பிழை வரக்கூடாதெண்டு அவ திருப்பி வாசிச்சுக் காட்டினா.

ஆரும் இந்தப் பக்கம் வந்தால் மிளகாய்த்தூளும் ஒரு போர்வையும் குடுத்துவிடுங்கோ. போனில் சொன்னால் என்ர குரல் காட்டிக்குடுத்திடும், அதுதான் எழுதுறன். கரண்ட் போகப்போகுது, நிப்பாட்டுறன்.

இனி நான் எடுத்தால் போனைத் தங்கச்சி தூக்க வேண்டாம். முதலில் நீங்கள் கதையுங்கோ, உங்கட குரலை நான் கேட்கோணும்.

உங்கட மகன்,
கஜரூபன்