வெள்ளிக்கிழமை உருக்கவிருக்கும் கள்ள நாணயம் குறித்து

அனுப்புநர்:
பல்செட் செய்யும் பெண்,
பழைய அச்சகத்துக்கு எதிர்மாடி.

பெறுநர்:
காவல் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: பறிமுதல் செய்த என் பழங்காலக் கள்ள நாணயங்களை உருக்காமல் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. போலி நாணயம் சேகரிப்போர் பெட்டியின்மேல் ‘கள்ள நாணயம்’ என்று எழுதி ஒட்டுவது வழக்கம். நாளை யாரும் நல்லதென்று நம்பி ஏமாறக் கூடாது அல்லவா? நானும் ஒட்டினேன். வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர் அதைப் படித்துவிட்டு நேராகத் தங்கள் நிலையத்துக்குப் போய்விட்டார். உண்மையை எழுதி வைத்ததற்குக் கிடைத்த பரிசு இது.

2. அவை எப்போதோ செல்லாமல் போன நாணயங்களின் போலிகள். பெட்டிக்கடையில் ஒரு தீப்பெட்டிகூடத் தர மாட்டார்கள். எதில் எவ்வளவு ஈயம், எதில் வெள்ளி முலாம் என்று எடைபோட்டும் கல்லூரி ஆய்வகத்தில் காட்டியும் கண்டறிந்து வருகிறேன். இதைச் சொன்னதற்குத் தங்கள் நிலைய ஆய்வாளர், “கள்ளக் காசுல என்னம்மா ஆராய்ச்சி? வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் உருக்கிடுவோம், போங்க” என்றார்.

3. என்ன ஆராய்ச்சி என்று தாங்களாவது கேளுங்கள். என் தந்தை அச்செழுத்து வார்ப்பவர். கள்ளக் காசு அடித்தார் என்று சிறைக்குப் போனார். “நான் செய்யலம்மா” என்றுதான் சாகும்வரை என்னிடம் சொன்னார். நம்பினேன். வழக்கில் அகப்படாத ஒரு நாணயம் அம்மாவின் தையல் பெட்டியில் இருந்தது. அதை வேறு எவரோ செய்தார் என்று நிரூபிக்கத்தான் ஊரார் செய்த போலிகளையெல்லாம் தேடிச் சேர்த்தேன்.

4. சென்ற மாதம் முடிவு தெரிந்தது. மற்றவை ஈயமும் வெள்ளீயமும்தான். அம்மா வைத்திருந்ததில் மட்டும், அச்செழுத்து கெட்டிப்படச் சேர்க்கும் ஆண்டிமனி இருந்தது. அப்பா வார்த்த எழுத்தொன்று என்னிடம் உண்டு. இரண்டும் ஒரே கலவை. அவர்தான் செய்திருக்கிறார். என்னிடமே பொய் சொன்னாரே என்று அன்று முழுக்க அழுதேன். பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். விளிம்பு வரி ஒன்றுகூடப் பிசகவில்லை. என்னை அறியாமல் சிரித்துவிட்டேன்.

5. ஆகவே அவர் நிரபராதி என்று வாதாட வரவில்லை. செய்த குற்றத்துக்கு அவர் சிறையில் இருந்து தீர்த்துவிட்டார். தங்கள் பறிமுதலில் இருக்கும் அவர் நாணயத்துக்குத் தனித் தண்டனை கிடையாது.

உருக்குவதை நிறுத்த உடனே உத்தரவிடுங்கள். மறுப்பதானால் எந்தச் சட்டப்படி என்று எழுதித் தாருங்கள். அதுவரை நான் இந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கப் போவதில்லை.

சிறுவயதில் தெருவே என்னை ஒரு பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டது. அப்போதெல்லாம் சண்டைக்குப் போவேன். இன்று அதையே கையெழுத்தாக இடுகிறேன்.

இடம்: காவல் நிலைய வாசல் பெஞ்ச்
நாள்: வியாழக்கிழமை

இப்படிக்கு,
கள்ளக்காசுக்காரன் மகள்