நல்லவர்களின் வழியில் ஒரு சமையலறை

நவம்பர் 4, செவ்வாய்
காலையில் பனிமூட்டம். அல் கூஸ் கிடங்குத் தளத்துக்குக் கான்கிரீட் ஒரு மணி நேரம் தாமதம்.

அயர்லாந்திலிருந்து மகள் நித்யா அழைத்தாள். அவள் மாமியார் கொடுத்த வயலில் கட்டுவதற்கு நான் வரைந்த வீட்டை அந்த அம்மாளே நிராகரித்துவிட்டார். காரணம்: வயலோரத்தில் வட்டமாக ஒரு பழைய மண்கரை. அதற்குள் தேவதைகள். இறக்கை முளைத்த வகை அல்ல, கோபக்கார வகை. கலப்பை படக்கூடாது, முள்மரத்தை வெட்டக்கூடாது. கரையிலிருந்து சட்டம் கேட்கும் இடைவெளி விட்டுத்தான் வரைந்தேன். ஆயினும் தேவதைகள் ஊற்றுக்குப் போகும் வழியில் என் சமையலறை மூலை நிற்கிறதாம்.

இருபத்தெட்டு ஆண்டுகளில் நகராட்சி என் வரைபடத்தைத் திருத்தியதுண்டு. பேய் திருத்தியதில்லை. குரலை உயர்த்தவில்லை. "மாற்ற முடியாது" என்றேன். துண்டித்தேன்.

நவ. 6, வியாழன்
வாங்க: ரத்த அழுத்த மாத்திரை, சவரத் தகடு.

நித்யாவின் செய்தி: "அத்தை அந்தத் தேவதைங்க பேரைக்கூடச் சொல்ல மாட்டாங்கப்பா. 'நல்லவங்க'ன்னுதான் சொல்வாங்க. நாம நல்ல பாம்புன்னு சொல்றோமே, அது மாதிரி. ஞாயித்துக்கிழமைக்குள்ள மாத்தித் தரலேன்னா இங்கேயே ஒருத்தரை வச்சு வரைஞ்சுடுவாங்க. எனக்கு நீங்க வரைஞ்ச வீடுதான் வேணும்."

கடைசி வரியை நான்கு முறை படித்தேன்.

நவ. 8, சனி
வெயில் பரவாயில்லை. ஃபோர்மேன் காதர் பாய், கீழக்கரைக்காரர், இருபது ஆண்டாக என்னுடன். அவரிடம் சொல்லித் தொலைத்தேன். என் பக்கம் பேசுவார் என்ற நம்பிக்கை.

"ஏன் சார், ஷார்ஜா சைட்டுல இலந்தை மரத்துல ஜின் இருக்குன்னு ஆளுங்க கோடாலியத் தொட மாட்டேன்னாங்களே. சுவரை ரெண்டு மீட்டர் தள்ளுனது யாரு?"

"அது தண்ணீர்க் குழாய்க்காக."

"குழாய் மாஃபி, சார், ஒண்ணுமே இல்ல! டிராயிங்ல எழுதுனது நீங்க. தோண்டுனது நானு."

சுலைமானித் தேநீரைக் குடித்து முடித்தேன்.

"மரம் இன்னும் நிக்குது சார். போன வருசம் பழம் பொறுக்குனேன்."

நவ. 9, ஞாயிறு
காலை ஆறு மணிக்கே உட்கார்ந்தேன். சமையலறை நான்கு மீட்டர் கிழக்கே. ஜன்னலில் இப்போது காலை வெயில் விழும். முன்பைவிட நன்று; யாரிடமும் சொல்வதாக இல்லை. திருத்தக் குறிப்பு: "மழைநீர் வடிகால் வசதிக்காக." கையொப்பம். அனுப்பியாயிற்று.

நித்யா: "அப்பா, அந்தப் பழைய மூலை மேடு. தண்ணியே நிக்காதுப்பா."

அரை மணி கழித்து மறுபடி அவளே: "அத்தை பார்த்தாங்க. 'உங்கப்பா சொல்றது ரொம்பச் சரி, அந்த மூலையில தண்ணி எப்பவுமே தொல்லைதான்'னு சொல்லச் சொன்னாங்க."

சம்பந்தியம்மாள் ஃபோர்மேனாக இருந்திருக்க வேண்டியவர்.