உம்முடைய கல்வெட்டைத் தைக்கிறேன், மச்சாள்

மச்சாள்,

பெட்டியை வெட்டித் திறந்ததும் முதலில் வந்தது மணந்தான். அச்சு மையும் பளபளப்புத் தாளும் சேர்ந்து மருந்துக் கடைக்குள் நுழைந்தது போல ஒரு மணம். நாங்கள் இருவரும் தைத்து விற்ற எழுதுகொப்பிகளில் அப்படி ஒருநாளும் மணந்ததில்லை. கோதுமை மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் துத்தமும் போட்டு நீர் கிண்டுகிற பசையின் மணம் வேறு. பசி நேரத்தில் அதை மணந்தால் எனக்கு வயிறு கூவும். "கொஞ்சம் குடிச்சுப் பாருமன் மச்சாள், நேரே கைலாசம்தான்" என்று நீர் அகப்பையை நீட்டுவீர்.

பெட்டிக்குள் இருந்தது உம்முடைய கல்வெட்டு. செத்தவரின் கதையும் தேவாரமும் சேர்த்து, முப்பத்தோராம் நாள் சடங்கில் கொடுக்கிற புத்தகம். உம்முடைய மகள் கனடாவிலிருந்து போனிலேயே சொல்லி, யாழ்ப்பாணத்தில் அடிப்பித்து, ஓட்டோவில் எங்கள் ஊர் சரவணைக்கு அனுப்பியிருக்கிறாள். முகப்பில் நீர் தடித்த குளிர்ச்சட்டை போட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறீர். அந்தச் சிரிப்பு படம் எடுப்பவருக்காகச் சிரித்தது, எனக்குத் தெரியும். நடுப்பக்கத்தை விரித்தேன். தையல் இல்லை, இரண்டு கம்பிப் பின். கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டேன்.

உம்முடைய கல்வெட்டை என் கையால் தைப்பதாக நான் உமக்குச் சொல்லியிருந்தேன். குறிகட்டுவான் துறையில், நயினாதீவுப் படகுக்கு நிற்கிற சனத்துக்கு முன்னால் கொப்பிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு இருந்தபோது நீர்தான் பேச்சைத் தொடங்கினீர். காற்றுக்குப் பறக்காமல் ஒவ்வொரு கொப்பியின் மேலும் ஒரு கல் வைத்திருந்தோம்.

"என்ர கல்வெட்டையும் நீர்தான் தைக்கோணும், மச்சாள்."

"ஏன், நான் முந்திப் போகக் கூடாதோ?"

"நீர் போகமாட்டீர். ஊரில எத்தினை பேரோட உமக்குக் கோவம் கிடக்கு. அதெல்லாம் தீராமல் யமன் கூப்பிட்டாலும் வாறன் எண்டு எழும்புவீரோ?"

பக்கத்தில் கச்சான் கடலை விற்றவள்கூடச் சிரித்தாள். சரி, தைக்கிறன் என்றேன். அதற்குப் பிறகு அதைப்பற்றி நாங்கள் பேசவில்லை. பேசத் தேவையும் இருக்கவில்லை.

கொப்பி தைப்பதை நாங்கள் யாரிடமும் பழகவில்லை. போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்த காலம். காலையில் தோட்டம், மத்தியானம் பனங்கிழங்கைக் கிழித்து ஒடியலுக்குக் காயப் போடுவது, அதற்கிடையில் உமக்குக் கை சும்மா இராது. வீட்டில் எஞ்சிக் கிடந்த ஒரு பழைய கணக்குக் கொப்பியை மீன் அரிகிறது மாதிரி முதுகில் கீறித் திறந்து, நூல் எங்கே போகிறது, எங்கே திரும்புகிறது என்று பார்த்தீர். பிறகு அச்சகத்தில் வெட்டி எறிகிற தாள் துண்டுகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தீர். பனையோலையில் சாயம் போட்டுப் பின்னி மட்டைக்கு மேல் ஒட்டினீர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் மறிக்கப்பட்ட நான் கொப்பி தைத்து விற்கப் போகிறேன் என்று ஊர் நகைத்தது. யார் யார் நகைத்தார்கள் என்பது எனக்கு மறக்கவில்லை.

வேலை எங்களுக்குள் தானாகப் பிரிந்தது. நீர் தாளை மடித்துப் பிடிப்பீர், நான் ஊசியை விடுவேன். ஒருவர் பிடிக்க ஒருவர் தைத்தால்தான் முதுகு நேராக வரும். "இழும், ஆனால் தாளைக் கொல்லாதையும்" என்பீர். தைத்து முடிந்ததை அம்மிக்கல்லின் கீழ் வைத்துவிட்டு உலை வைக்கப் போவோம்.

அந்தப் பிள்ளையார் சுழிச் சண்டையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வெறுந்தாளோடு ஒரு கொப்பி வீட்டுப் படி இறங்கக் கூடாதென்று நீர் ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில் சுழி போட்டு, நான்கு மூலைக்கும் மஞ்சளும் பூசினீர். எங்கள் கொப்பிகளை எடுத்து விற்ற யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் அவ்வளவையும் திருப்பி அனுப்பினார். நாங்களே நேரில் போனோம்.

"அக்கா, வெளிநாட்டுக்காரர் இதை ஆரோ பாவிச்ச கொப்பி எண்டு சொல்லுகினம். ஏதோ கிறுக்கியும் கிடக்கு, கறையும் கிடக்கு."

"பாவிச்சதுதான் தம்பி. பிள்ளையார் பாவிச்சவர். அவர் தொட்டதுக்கு விலையைக் கூட்டியெல்லே விக்கோணும்?" என்றீர் நீர்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நீர் சிரித்துக்கொண்டே வந்தீர். நான் பஸ்ஸில் மண்கும்பான் தாண்டும் வரைக்கும் அவரை வைதுகொண்டே வந்தேன். கறை என்று சொன்னாரே, மஞ்சளை. பிறகு அவரே ஆள் அனுப்பிக் கொப்பி கேட்டார், நீர் கொடுத்தீர். நான் அந்தக் கடைப்படி இன்றுவரை ஏறவில்லை.

மகள் உம்மைக் கனடாவுக்குக் கூப்பிட்டபோது, பேரப்பிள்ளை பிறந்து நடக்கத் தொடங்கும் வரைக்கும்தான் என்றீர். பேரன் இப்போது கார் ஓட்டுகிறான். ஒவ்வொரு தைப் பொங்கலுக்கும் வருவதாகச் சொன்னீர். ஒவ்வொரு பொங்கலுக்கும் நான் தாள் வாங்கி வைத்தேன். நீர் இல்லாமலும் தைத்தேன், ஆனால் முழங்காலால் அமத்திப் பிடித்துத் தைத்தால் முதுகு கோணுகிறது. உம்மை எரித்ததையும் போனில்தான் பார்த்தேன். ஒரு கதவு திறந்து மூடியது, அவ்வளவுதான். கடலும் இல்லை, பனையும் இல்லை.

நாளைக்கு உம்முடைய முப்பத்தொன்று. அங்கே மகள் செய்கிறாள். இங்கே கோயிலடி மடத்தில் உம்முடைய பேரில் சோறு. சோறு உண்ண வருகிறவர்களுக்குக் கல்வெட்டுக் கொடுக்க வேண்டும். பெட்டி வந்த அன்றே மடத்தால் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். இப்போது தரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதற்குள் கதை கனடாவுக்குப் போய்விட்டது. முந்தாநாள் மகள் போன் எடுத்தாள்.

"மாமி, பெட்டியைக் குடுக்கமாட்டன் எண்டு சொன்னீங்களாமே?"

"ஓம்."

"ஏன்? அம்மான்ர படம் சரியில்லையோ?"

"படம் வடிவு. பின்தான் சரியில்லை. இஞ்சத்தை உப்புக் காத்துக்கு ஒரு மாரியில துரு ஏறும். பிறகு நடுப்பக்கம் கழண்டு விழும். நான் பின்னைக் கழட்டிப் போட்டுத் தைக்கிறன். தைச்சுத்தான் குடுப்பன்."

"அவ்வளவையும் நீங்கள் தனியவோ? உங்களுக்குக் கண்ணும் ஏலாதெல்லே, மாமி."

"என்ர கண்ணை நான் பாக்கிறன். நீ அடிக்கக் குடுக்க முதல் என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

அதற்கு அவள் மெல்லச் சொன்னாள்.

"கடைசி நாளுகளில அம்மா ஆஸ்பத்திரியில போர்வையின்ர விளிம்பை மடிச்சு மடிச்சு நகத்தால அமத்திக்கொண்டே கிடந்தவ, மாமி. என்ன செய்யிறீங்கள் எண்டு கேட்டால், 'மடிச்சு வைக்கிறன், மச்சாள் தைக்க வருவா' எண்டவ. நேர்ஸ்மார் அவவுக்கு நினைவு தப்பீட்டுது எண்டு சொன்னவை."

"நினைவு தப்பேல்லை" என்றேன். போனைக் காதில் வைத்தபடியே அடுத்த பின்னைக் கழட்டத் தொடங்கினேன்.

இதை ஏன் இவ்வளவு நாளாக எனக்குச் சொல்லாமல் வைத்திருந்தாள் என்று அவள்மேல் புதிதாக ஒரு கோபம் வந்தது. அது இருக்கிறது, போகவில்லை. தைத்ததில் ஒன்று தனக்கும் வேண்டுமாம். அனுப்புவேன், ஊருக்கெல்லாம் கொடுத்த பிறகு.

உம்மைப்பற்றி உள்ளே எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டி வாசித்தேன். நல்ல மனைவி, நல்ல தாய், இறை பக்தை. கொப்பி கட்டியதைப்பற்றி ஒரு வரி இல்லை. இருந்தாலென்ன, நாளைக்கு மடத்தில் அதைக் கையில் வாங்குகிற சனம் முதுகைத் தடவிப் பார்க்கும். குறிகட்டுவானில் எங்களிடம் வாங்கியவர்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள்.

கடைசிக் கல்வெட்டையும் இப்போதுதான் தைத்து முடித்தேன். முதுகு கொஞ்சம் கோணல்தான், பிடிக்க ஆள் இல்லை. தாள் மடிப்பை அமத்தி அமத்தி உம்முடைய பெருவிரல் நுனியில் ஒரு காய்ப்பு இருந்ததே, அரிசி அளவில். அது சாம்பலாகிவிட்டது. நூல் இழுத்து என் சுட்டுவிரலில் விழுந்த கோடு இருக்கிறது. இந்த நாட்களில் அது திரும்பவும் வெட்டி ஆழமாகிவிட்டது. சோறு பிசையும்போது புளி பட்டால் கடுக்கிறது, மச்சாள். கடுக்கட்டும்.