நான்கு வினாடிச் சிரிப்பை நீக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தா. சுஜா,
த/பெ. தாணுமாலையன்,
பயிற்சிப் பணியாளர், விளம்பரப் பிரிவு (நேற்று மாலை வரை),
சாலைக் கடைத்தெருப் பின்புறம், திருவனந்தபுரம்.

பெறுநர்:
உயர்திரு. சுந்தரராமன் அவர்கள்,
தலைவர், அனந்தை உலகத் திரைப்பட விழாக் குழு,
திருவனந்தபுரம்.

பொருள்: விழாவின் விளம்பரப் படத்தில், துப்புரவுப் பணியாளர் திருமதி சுடலைமாடத்தி பேசியதும் வரும் நான்கு வினாடிச் சிரிப்பை 20.02.2004 வெள்ளி மாலை ஆறு மணிக் காட்சிக்கு முன் நீக்கித் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 16.02.2004 அன்று விழா அலுவலகத்தில் நான் கொடுத்த கடிதம். (பதில் இல்லை.)

மதிப்பிற்குரிய அய்யா அவர்களுக்கு,

வணக்கம்.

1. நான் இங்குள்ள ஒரு தனியார் நிலையத்தில் வீடியோ எடிட்டிங் படிக்கிறேன். வயது இருபத்தொன்று. அப்பா ஓட்டலில் பரோட்டா போடுபவர். ஜனவரி ஐந்தாம் தேதி முதல் தங்கள் விழா அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். இந்த மனுவை மலையாளத்திலும் என்னால் எழுத முடியும். ஆனால் பிரச்சினை தமிழில் சொல்லப்பட்ட சில வாக்கியங்களைப் பற்றியது. தொடக்க விழாவில் தாங்கள் தமிழில் நாலு வரி பேசியதையும் கேட்டேன். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

2. இந்த ஆண்டு விழாவின் தலைப்பு "காணாத முகங்கள்" என்பது தாங்கள் அறிந்ததே. ஒவ்வொரு படத்துக்கும் முன்பு ஓட்டுவதற்காக இரண்டு நிமிட விளம்பரப் படம் ஒன்று தயாரிக்க வேண்டியிருந்தது. விளம்பரப் பிரிவு ஒருங்கிணைப்பாளர் திரு. பிரணவ் என்னிடம் கேமராவைக் கொடுத்து, சினிமாவுக்காக உழைத்தும் யார் கண்ணிலும் படாத நாலு பேரைப் பிடித்து வா என்றார். நான் முதலில் பிடித்து வந்தது எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டில் இருக்கும் மாடத்தியக்காவை.

3. அவர் தங்கள் விழா நடக்கும் மூன்று தியேட்டர்களில் ஒன்றில் பதினோரு வருடமாகப் பெருக்கும் வேலை செய்கிறார். அந்த வேலையின் முறை தங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது துப்புரவுப் பெண்கள் துடைப்பமும் சாக்குமாகப் பக்கவாட்டுக் கதவு வழியே உள்ளே வந்து திரைச்சீலை ஓரம் நிற்பார்கள். விளக்குப் போட்டதும் பெருக்க ஆரம்பித்தால்தான் அடுத்த கூட்டத்தை நேரத்துக்கு விட முடியும். அடுத்த படம் தொடங்கும்போது அவர்கள் படிக்கட்டிலும் கக்கூஸிலும் இருப்பார்கள். ஆகவே பதினோரு வருடத்தில் ஆயிரம் படங்களின் கடைசிப் பத்து நிமிடத்தை மாடத்தியக்கா பார்த்திருக்கிறார். ஒரு படத்தின் தொடக்கத்தைக்கூடப் பார்த்ததில்லை. லீவு நாளில் டிக்கெட் எடுத்துப் பார்க்கலாமே அக்கா என்று கேட்டேன். லீவு என்று ஒன்று இருந்தால்தானே என்றார்.

4. கேமரா முன் அவர் சொன்னதை ஓர் எழுத்தும் விடாமல் கீழே தருகிறேன். துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்று சொன்னார்:

"எல்லாப் படத்துக்கும் முடிவு எனக்குத் தெரியும் மக்ளே. தொடக்கம் ஒண்ணுகூடத் தெரியாது."

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே சொன்னார்:

"அதுனால தொடக்கத்த நானே உண்டாக்கிக்கிடுவேன். தூத்து முடிக்கதுக்குள்ள ஒரு கத ஆயிரும்."

தூத்து என்றால் பெருக்கி. உதாரணம் கேட்டேன். போன வாரம் ஒரு படத்தின் கடைசியில் ஒருவன் ரயில் ஏறாமல் பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டானாம். வீட்டைப் பூட்டினோமா இல்லையா என்ற சந்தேகம் அவனுக்கு வந்திருக்கும், காலையில் பெண்டாட்டியோடு சண்டை போட்ட அவசரத்தில் கிளம்பியிருப்பான் என்றார். இதைக் கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன், கேமரா ஆடியது. அக்காவும் சிரித்தார். அது அவர் எங்களுக்குக் கொடுத்த சிரிப்பு. அதை நான் மறைக்கவில்லை.

5. இனி எழுதப்போவது என் கையைப் பற்றியது. எழுதவே கூசுகிறது. இருந்தாலும் எழுதாமல் மற்றவர்களைக் குறை சொன்னால் அதைவிடக் கேவலம் வேறில்லை.

எடிட்டிங் அறையில் திரு. பிரணவ் அந்தப் பகுதியை இரண்டு தடவை பார்த்தார். அவர் கிழக்கேகோட்டைக்காரர், வீட்டில் தமிழ் பேசுபவர். அலுவலகத்தில் எல்லோரிடமும் மலையாளம்தான். என்னிடம் வேலை வாங்க வேண்டியிருக்கும்போது மட்டும் தமிழ் வரும். "சும்மா தொங்கறதும்மா. ஜனங்க எழுந்து போயிடுவா" என்றார். முதல் இரண்டு வாக்கியத்தோடு நிறுத்து, மீதி வேண்டாம் என்றார். பிறகு சென்ற வருடக் கருத்தரங்கு டேப்பை எடுத்து வரச் சொன்னார். அதில் மைக் தாங்கி சரிந்து பேச்சாளரின் மடியில் விழுந்தபோது, முன்வரிசையில் இருந்த மூன்று வெளிநாட்டு விருந்தினர்களும் ஒரு விமர்சகரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு நான்கு வினாடி. அதைத் தூக்கி "தொடக்கம் ஒண்ணுகூடத் தெரியாது" என்பதற்கு அடுத்து வை என்றார்.

வைத்தேன் அய்யா. வைத்தது மட்டுமில்லை. அக்காவின் வாய் மூடி எட்டு பிரேம் கழித்துச் சிரிப்பு வந்தால் இன்னும் நன்றாக விழும் என்று யோசனை சொன்னவளும் நானேதான். எட்டு பிரேம் என்பது ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு. திரு. பிரணவ் என் தலையைத் தொட்டு, கையில் வித்தை இருக்கிறது என்றார். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குப் பெருமை.

6. படத்தைக் குழு உறுப்பினர்களுக்குப் போட்டுக் காட்டினோம். ஒருவர் கையிலிருந்த கட்லெட்டைக் கீழே வைக்காமலே "ரசமாயிட்டுண்டு", நல்ல வேடிக்கை என்றார். அந்தக் கட்லெட்டையும் அந்த வாயையும் பார்த்தபோதுதான் நான் வெட்டி வைத்தது என்னவென்று எனக்கு முதல் தடவையாகத் தெரிந்தது. அவர்கள் பார்த்தது ஆயிரம் கதை கட்டிய ஒரு பெண்ணை அல்ல. ஒன்றும் தெரியாத ஒரு வேலைக்காரியைப் பார்த்துக் கனவான்கள் சிரிப்பதைப் பார்த்தார்கள். அதற்கு மேலே "காணாத முகங்கள்" என்று தங்க எழுத்து வேறு. பீயைத் துடைத்த துணியில் பூ வைத்தது மாதிரி என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். மனுவில் எழுதத் தகாத சொல் என்று தெரியும், மன்னிக்கவும். வேறு சொல் கிடைக்கவில்லை.

7. பதின்மூன்றாம் தேதி தொடக்க விழாவில் அந்த இடம் வந்தபோது அரங்கமே சிரித்தது. திரையில் பெரிய மனிதர்கள் சிரிக்கும்போது கீழே இருப்பவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள். முதல் வரிசையில் தாங்களும் சிரித்தீர்கள். தங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அங்கே சிரிப்பு வரும்படிதான் நான் வெட்டியிருந்தேன்.

8. மறுநாள் காலைக் காட்சியின்போது பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே மாடத்தியக்கா வாளியோடு நின்றிருந்தார். உள்ளே சிரிப்பு எழுந்தது. அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"தொடக்கத்துலயே இந்தச் சிரிப்பு சிரிக்காவளே மக்ளே, அப்பிடி என்னத்தக் காட்டுதாவ?"

ஏதோ வேடிக்கை அக்கா என்றேன். நம்மளையும் அதில் காட்டுகிறார்களா என்றார். ஆமாம் என்றேன். நன்றாக வந்திருக்கிறதா என்று கேட்டார். நன்றாக வந்திருக்கிறது என்று சொன்னேன்.

அய்யா, தாங்கள் கவனிக்க வேண்டியது இதுதான். விளம்பரப் படம் ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்தில் ஓடுகிறது. அவர் உள்ளே வருவது முடிவில். ஆறு நாளாக ஊரே அவரைப் பார்த்துச் சிரிக்கிறது. அவர் ஒருவர்தான் இன்னும் அதைப் பார்க்கவில்லை. அவர் பெருக்குகிற பாப்கார்னில் பாதி அவரைப் பார்த்துச் சிரிக்கும்போது சிந்தியது.

9. அன்றே திரு. பிரணவிடம் போய் அந்தச் சிரிப்பை எடுத்துவிடலாம் என்று சொன்னேன். "ஒரு வார்த்தை மாத்தலையேம்மா. அவ சொன்னது அப்படியேதானே இருக்கு?" என்றார். உண்மைதான், ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரிந்தவர்களுக்கு வார்த்தையை எதற்கு மாற்ற வேண்டும்? என் படிப்பில் முதல் மாதமே சொல்லிக் கொடுக்கிறார்கள்: ஒரு முகத்துக்கு அடுத்து எதை வைக்கிறோமோ அதுதான் அந்த முகத்துக்கு அர்த்தம் என்று. இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தமிழும் இருவருக்கும் தெரியும். தெரியாமல் செய்திருந்தால் இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது.

பதினாறாம் தேதி எழுத்து மூலமாகக் கொடுத்தேன். நேற்று மாலை எடிட்டிங் அறைச் சாவியை வாங்கிக்கொண்டு, பயிற்சி முடிந்தது என்றும், வாயை மூடிக்கொண்டு இருந்தால் சான்றிதழ் தபாலில் வரும் என்றும் சொன்னார்கள். அந்தச் சான்றிதழை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். அதில் என் பெயருக்கு முன்னால் "திறம்பட" என்று போட்டிருப்பார்கள். அந்தத் திறத்தைத்தான் மேலே ஐந்தாம் பத்தியில் எழுதியிருக்கிறேன்.

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறாய் என்று அப்பா திட்டினார். பிடித்துத்தான் ஆக வேண்டும். காரணம் கீழே.

10. விளம்பரப் படத்தில் பேசியவர்களுக்கு நிறைவு நாள் படத்துக்கு ஒரு பாஸ் தருவதாக விழா அலுவலகம் எழுதிக் கொடுத்தது. சொன்னபடி தந்தும் விட்டார்கள். மாடத்தியக்கா அதை வீட்டில் இசக்கியம்மன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை மாலை தன் முறையைப் பார்த்துக்கொள்ளக் கூட வேலை பார்க்கும் ஆவுடைத்தாயிடம் சொல்லியாகிவிட்டது. அதற்குப் பதிலாக இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவருடைய முறையையும் சேர்த்து இவர் பெருக்க வேண்டும். கட்டிட வேலைக்குப் போகும் அவர் கணவர் லிங்கம் அண்ணனிடம் அன்றைக்கு ராத்திரிச் சோறு ஓட்டலில்தான் என்று சொல்லிவிட்டார். ஆறு மணிக் காட்சிக்கு ஐந்தரைக்கே போய் உட்கார வேண்டுமாம். திரை வெள்ளையாக இருப்பதிலிருந்தே பார்க்க வேண்டுமாம்.

அவர் வாழ்க்கையில் பார்க்கப்போகும் முதல் தொடக்கம் இது. இந்த நிலையில் அந்தத் தொடக்கத்தில் என்ன ஓடும் என்பது தங்களுக்குத் தெரியும்.

11. ஆகவே தங்களிடம் கேட்பது:

(அ) இத்துடன் இணைத்துள்ள டேப்பில் சிரிப்பை எடுத்துவிட்டு, அக்கா பேசியதை முழுசாக வைத்திருக்கிறேன். நீளம் பதினேழு வினாடி கூடுகிறது. அதனால் யாரும் எழுந்து போக மாட்டார்கள். மூன்று தியேட்டரில் மூன்று டேப், அவற்றை மாற்றினால் போதும். அரை மணி நேர வேலை.

(ஆ) அதுவும் முடியாது என்றால், வெள்ளி மாலை ஆறு மணிக்கு அக்கா பார்க்கும் அந்த ஒரு தியேட்டரில் மட்டுமாவது விளம்பரப் படத்தை ஓட்டாமல் நேரே படத்தைத் தொடங்கச் சொல்லுங்கள்.

(இ) இந்த மனு கொடுப்பது மாடத்தியக்காவுக்குத் தெரியாது. அவர் ஒப்பந்தத் தொழிலாளி. இதனால் அவர் வேலைக்குப் பங்கம் வரக்கூடாது. தண்டனை தருவதானால் எனக்குத் தாருங்கள், வெட்டியது நான்.

12. நேரே அவரிடமே சொல்லிவிட வேண்டியதுதானே என்று தாங்கள் கேட்கலாம். மூன்று தடவை அவர் வாசல் வரை போனேன். மூன்று தடவையும் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். நேற்றுப் போனபோது எந்தச் சேலை உடுத்தலாம் என்று கட்டிலில் இரண்டை விரித்துப் போட்டிருந்தார். நான் பச்சையைச் சொன்னேன்.

நிறைவுப் படம் வெளிநாட்டுப் படம், கீழே ஆங்கில எழுத்து ஓடும் என்று அவருக்குத் தெரியும். எழுத்தை வாசித்துச் சொல்ல என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறார். தியேட்டருக்குள் விடும் என்னுடைய பயிற்சி அட்டையை இன்னும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. சரி அக்கா, வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். விளக்கு அணையும்போது நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில்தான் இருப்பேன்.

அதற்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அந்த டேப்பை மாற்றச் சொல்லித் தாங்கள் ஒரு வரி எழுதித் தாருங்கள் அய்யா.

இடம்: திருவனந்தபுரம்
நாள்: 18.02.2004

இப்படிக்கு,
அந்தப் படத்தை வெட்டியவள்,
(ஒப்பம்)
தா. சுஜா

இணைப்பு:
1. திருத்திய விளம்பரப் படம் – டேப் ஒன்று.
2. 16.02.2004 கடிதத்தின் நகல்.