மூடி வைத்த சோறு

1956 டிசம்பர் 9, ஞாயிறு

இன்று கண்மாய்க் கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண். தண்ணீர் குறைவு. மேல்மடை வயல்களுக்குப் பாய்ந்து மீந்தால்தான் கடைமடைக்கு என்று முடிக்கப் பார்த்தார்கள். கடைமடையில் என் வயலும் இன்னும் சில குடும்பங்களின் வயல்களும் கதிர்விடும் நேரம். இந்த வாரம் தண்ணீர் வராவிட்டால் எல்லாம் பதர்தான்.

எழுந்தேன். “வீட்டுல சோறு பத்தாதுன்னு தெரிஞ்சா, கடைசியா வாரவுகளுக்கு எடுத்து மூடி வச்சுட்டுத்தான் முதல்ல உக்காந்தவுகளுக்குப் போடுவோம். தண்ணிக்கும் அப்படிச் செய்யுங்க” என்றேன்.

முணுமுணுத்தார்கள். கடைசியில், நாளை கடைமடைக்கு, மறுநாள் மேல்மடைக்கு என்று மாற்றி மாற்றி விட ஒத்துக்கொண்டார்கள்.

கலையும்போது கூட்டம் நடத்திய கருப்பையா மாமா, “ஏத்தா, ஆம்பளை கணக்காவுல்ல பேசிப்புட்ட” என்றார்.

கல்லூரி நாட்களில் கேட்டிருந்தால் ஒரு வாரம் மிதந்திருப்பேன். இன்று அடுத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டது போலிருந்தது.

“நீங்க என்னைக்கு மாமா சோறு எடுத்து மூடி வச்சீக?”

சிரித்தார். “அது உங்க அத்தை வேலையாச்சே.”

“அந்த வேலையைத்தான் இங்கனயும் பாத்தேன்.”

சிரிப்பு நின்றுவிட்டது. நாளைக்கு அவர் மனம் மாறினால்? மாறட்டும். கூட்டத்தில் சொன்ன சொல் இருக்கிறது. விடியுமுன் மடையில் போய் நிற்பேன், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு.