தடைப் பெயர்கள் குறித்துப் பதினோரு பக்க விளக்கம்

அன்பு மகனுக்கு, இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். நீ நலமாக இருக்க வேண்டும். உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கும் முகாம் அதிகாரியும் நலமாக இருக்கட்டும்.

எங்கள் அகராதிக் குழு இரண்டு மாதத்துக்கு முன் வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த முடிவொன்றை எடுத்தது. 'அகழி' என்பதன் விளக்கத்திலிருந்து 'நீர் நிறைந்த' என்பதை நீக்கினோம், நான்குக்கு மூன்று வாக்கு. அகழ்ந்ததால் அகழி, தண்ணீர் பிறகு வந்தது என்பது என் கட்சி. தோற்றுப்போன தலைவர் டீயைத் தொடாமலே எழுந்து போனார். பகைவன் நுழையாதபடி கோட்டையைச் சுற்றி வளர்த்த காட்டுக்கு மிளை என்று பெயர், அதையும் அன்றே முடித்தோம். அடுத்தது கண்ணிவெடி. குருவி பிடிக்கிற சுருக்குக்குக் கண்ணி என்று பெயர், அதை அப்படியே எடுத்து மனிதனுக்கு வைத்துவிட்டார்கள். இந்தக் காலத்துத் தடைகளின் பெயர்களைத் திரட்டும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள், நானும் வெற்றி மயக்கத்தில் உனக்கு ஓர் அட்டை அனுப்பினேன். உங்கள் முகாமைச் சுற்றி என்னென்ன தடைகள் உள்ளன, சிப்பாய்கள் அவற்றை எப்படி அழைக்கிறார்கள், காரணம் என்ன என்று வரிசையாகக் கேட்டிருந்தேன். அந்த அட்டை உன் கைக்கு வரவில்லை, வழியிலேயே பிடித்துவிட்டார்கள். உன் விடுப்பை நிறுத்திவைத்த காரணத்தை உனக்குச் சொன்னார்களோ என்னவோ, காரணம் நான்தான்.

அதை விசாரிக்க ராணுவத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்து என் குறிப்புச் சீட்டுகளை 'அ'விலிருந்து படித்தார்கள். மூத்தவர் அம்மாவிடம், ஐயா இதையெல்லாம் யாருக்காக எழுதுறார் என்று கேட்டார். யாருக்கும் இல்ல தம்பி, இதுவரைக்கும் ஒருத்தரும் வாங்கினதில்ல என்றாள். அதோடு போயிருப்பார்கள். நான்தான் ஒவ்வொரு சொல்லுக்கும் வேர் காட்டி, பிற்சேர்க்கையும் வைத்துப் பதினோரு பக்கத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்துப் பார்க்கத் தனியாக ஓர் அதிகாரியைப் போட்டிருக்கிறார்கள். அம்மா மூன்று நாள் சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டுப் போனாள். நாலாம் நாள், தப்புன்னு ஒரு வரி எழுதியிருந்தா புள்ள வந்திருப்பான், பதினோரு பக்கம் எழுதினா யாருக்குத்தான் சந்தேகம் வராது என்றாள்.

அம்மாவுக்கு இதய வால்வு மாற்ற உன் விடுப்பை வைத்துத்தானே இருபதாம் தேதியை வாங்கினோம். அவன் மூஞ்சியப் பாக்காம அந்த மேசையில படுக்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். மாடி ஏறுவதை நிறுத்திவிட்டாள், துணியை நான்தான் காயப்போடுகிறேன். அதனால் வெள்ளிக்கிழமை அவர்கள் அலுவலகத்துக்குப் போனேன். ஏழு வருடத்துச் சீட்டுகளையும் செருப்புப் பெட்டியோடு ஒப்படைத்தேன். இனி எந்தத் தடையின் பெயரையும் விசாரிக்க மாட்டேன் என்று அச்சடித்து வைத்திருந்த தாளில் கையெழுத்துப் போட்டேன். அதில் இரண்டு எழுத்துப்பிழை இருந்தது, திருத்தவில்லை. மேலிடத்துக்கு அனுப்புகிறோம் என்றார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஈரக் காலுறையோடு படுக்காதே. அம்மாவுக்குத் தனியாக நாலு வரி எழுது, விடுப்பைப் பற்றி வேண்டாம், என்ன சாப்பிட்டாய் என்று எழுது போதும். அந்த அட்டை எப்போதாவது உன் கைக்கு வந்தால் நிரப்பாமல் கிழித்துப் போடு. எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
அப்பா

பி.கு. இருபதாம் தேதிப் படுக்கையை ஆஸ்பத்திரியில் இன்று வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.